மாதா ஊர்வலமும் கடிலாக் ரேடியோவும்

பிலோமினம்மாவுக்குக் கோபம் வந்தால் மெல்பேர்னின் மல்கிரேவ் பகுதி முழுவதும் மின்சாரம் ஒருமுறை மங்கிப் பிறகு பிரகாசிக்கும். சரி, மல்கிரேவ் முழுவதும் என்பது கொஞ்சம் கூடத்தான். அவருடைய தெரு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். தெருவும் கூடத்தான். அவருடைய கராஜில் இருக்கிற ஒற்றைக் குழல்விளக்கு மினுங்கும். அதுகூட விளக்கின் பிழை என்று கணவர் பேதுரு சொல்லுவார். ஆனால் சென்ற ஓகஸ்ட் மாதம், மடு மாதா திருநாளுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கராஜில் மூண்ட கோபத்தை எவ்வளவு கூட்டிச் சொன்னாலும் கணக்குக் குறையத்தான் செய்யும்.

செய்தி கொண்டுவந்தவன் எறிக். நாற்பத்தைந்து வயது, ஆறடி உயரம், பைப் வேலைக்கு ஏழுபேரை வைத்திருக்கிறவன். அப்படிப்பட்டவன் கராஜ் வாசலிலேயே நின்றுகொண்டான். பிலோமினம்மாவின் கையில் சோல்டரிங் அயன் புகைந்துகொண்டிருந்தது.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. புதன்கிழமை காலமை எட்டு மணிக்கு ஒரு கடையில புக் பண்ணியிருக்கிறன். காரில நீங்கள் பூட்டின ரேடியோவைக் கழட்டிப்போட்டு, ஸ்க்ரீன் வைச்ச புது செட் ஒண்டு போடப்போறாங்கள்."

"அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள ஸ்க்ரீன் எப்பிடிப் போகும்?"

"டாஷ்போர்டைக் கொஞ்சம் வெட்டவேணுமாம்."

"கொஞ்சம் எண்டால்?"

எறிக் இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சதுரம் காட்டினான். ஒரு முழுப் பாண் அதற்குள் போகும்.

"உன்ர மூக்கைக் கொஞ்சம் வெட்டிப்போட்டு அந்த இடத்தில ஸ்க்ரீன் வைப்பியோடா?"

"நான் என்ன செய்ய, அன்ரி? நேற்று முழுச் சனத்துக்கு முன்னாலயும் என்ர மானம் போச்சு. அந்த ரேடியோ இருந்தால் வாற வருஷம் மாதா என்ர காரில ஏறமாட்டா எண்டு ஜோன்சன் அங்கிள் சொல்லிப்போட்டார்."

"ஏன், மாதா அவருக்குப் போன் பண்ணிச் சொன்னவவோ?"

எறிக் காற்றில் காட்டிய சதுரத்தை மெல்லக் கலைத்துவிட்டுப் போய்விட்டான். அறுபத்திரண்டாம் ஆண்டுக் கடிலாக்கின் டாஷ்போர்ட் இரும்பு. வெட்டினால் வெட்டினதுதான், புதன்கிழமைக்குப் பிறகு யார் நினைத்தாலும் ஒட்டமுடியாது. பிலோமினம்மாவிடம் இரண்டு நாளும் மூன்று இரவும் இருந்தன.

நடந்தது இதுதான். எறிக்கின் கார் கூரை மடக்குகிற கார். நிறமோ வெளிர்நீலம், மாதாவின் போர்வை நீலம். அதனால் மூன்று வருஷமாக மெல்பேர்ன் மன்னார்க்காரரின் திருநாளில் மாதாவின் சொரூபம் அந்தக் காரின் பின்பக்கத்தில்தான் ஊர்வலம் வரும். இந்த வருஷம் எறிக்குக்கு ஒரு ஆசை பிறந்தது. பாட்டு வேறு எங்கிருந்தும் வரக்கூடாது, காரின் சொந்த ரேடியோவிலிருந்து, அறுபத்திரண்டாம் ஆண்டின் தொண்டையிலிருந்து வரவேண்டும். அந்த ரேடியோவோ ஏ.எம். அலைவரிசையைத் தவிர வேறொன்றும் அறியாதது. அதற்கும் பிலோமினம்மா வழி கண்டுபிடித்தார். சவர்க்காரப் பெட்டியளவில் ஒரு சின்ன ஒலிபரப்பியைச் செய்து, டாஷ்போர்டுக் கள்ளறைக்குள் வைத்து, அதில் போனைக் கொழுவினார். போனில் பாட்டுப் போட்டால் ரேடியோ அதையும் ஒரு நிலையமாக நினைத்துப் பிடித்துக்கொள்ளும். பின்சீட் ஸ்பீக்கருக்கு முன்னால் கோயில் மைக். ஊர்வலம் முழுவதற்கும் கேட்கும். ஒரு ஆணிகூடக் காரில் அடிக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. முந்நூறு சனம், குளிர்காற்று, குடை, கோட்டு. எறிக் ஓட்டினான். இடப்பக்கச் சீட்டில் திருநாள் குழுத் தலைவர் ஜோன்சன். பாடகர் குழுவுக்கும் அவரே தலைவர். அதனால் பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். முதல் சரணம் தேன் மாதிரி ஓடிற்று. பல்லவி தொடங்கி இரண்டு சொல் வந்தது. ஒரு இரைச்சல். பிறகு முந்நூறு சனத்தின் தலைக்கு மேலே ஒரு வெள்ளைக்காரன் மூச்சுவிடாமல் கத்தத் தொடங்கினான்: லேசி கெவின் வெளிப்பக்கமாக வருகிறது, லேசி கெவின் முந்துகிறது, இன்னும் இருநூறு மீட்டர்!

முன்வரிசையில் ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். பின்வரிசையில் இரண்டு பேர் எந்தக் குதிரை வென்றது என்று விசாரித்தார்கள். எறிக் பதறிப்போய் ரேடியோவின் முள்ளைத் திருப்பிப் பாட்டுக்குக் கொண்டுவந்தான். அடுத்த பல்லவியில் காற்பந்து வர்ணனை. அதற்கடுத்த பல்லவியில் மெத்தைக் கடை விளம்பரம், இன்று ஒருநாள் மட்டும் பாதி விலை. சுவாமியார் தலையைக் குனிந்துகொண்டார். செபித்தாரா, சிரித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

பிலோமினம்மா இதொன்றையும் காணவில்லை. அவர் மண்டபத்துக் குசினியில் முந்நூறு சனத்துக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்துக்குத்தான் ஜோன்சன் வந்து, சூடான ரோல் ஒன்றைக் கையிலெடுத்து, ஆறேழு பேருக்கு நடுவில் நின்று சொன்னாராம்: "பொம்பிளையள் காருக்குள்ள கைவைச்சால் இப்பிடித்தான் முடியும்." சொன்னது சுவருக்கு அந்தப் பக்கம். சுவரைச் சுற்றி வந்து அதைக் குசினிக்குச் சொன்னவள் எறிக்கின் மனைவி லிண்டா.

பொம்பிளையள்.

அந்தச் சொல் பிலோமினம்மாவுக்குப் புதிதில்லை. மன்னார் வங்காலையிலிருந்து கலியாணம் பேசி மெல்பேர்னுக்கு வந்த மூன்றாம் மாதமே கார் ரேடியோ செய்கிற பக்டரியில் வேலைக்குச் சேர்ந்தவர். பத்தொன்பது வருஷம். ரேடியோவுக்குள் வைக்கிற பச்சைப் பலகை வரும், அதில் நாலு புள்ளி பற்றவைக்கவேண்டும், பலகை போகும். அடுத்த பலகை வரும். நாலு புள்ளி. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருமுறை, வரிசையின் முடிவில் ரேடியோ பாடுவதைப் போய்ப் பார்க்கலாமா என்று மேற்பார்வையாளரைக் கேட்டார். உன்னுடைய இடைவேளை முடிந்துவிட்டது என்று அவன் சொன்னான். இங்கே கார் செய்வதையே நிறுத்தினார்கள்; பக்டரியும் நின்றது. கடைசி நாளில் ஆளுக்கொரு குடை கொடுத்தார்கள், கொம்பனிப் பெயர் அடித்த குடை. பிலோமினம்மா அதை இன்றுவரை விரித்ததில்லை. கொட்டுகிற மழையில் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். அவ்வளவு கோபம்.

பக்டரிச் சாமானை ஏலம் போட்டபோது தான் இருந்து வேலைசெய்த மேசையையே வாங்கிக் கராஜுக்குக் கொண்டுவந்தார். மாலை வகுப்புக்குப் போனார். வகுப்பில் பதினாறு ஆண்கள், ஒரு பிலோமினம்மா. பிறகு பழைய அமெரிக்கக் கார் வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வருகிற ஒவ்வொருவனும் கராஜுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு உன் புருஷன் இருக்கிறாரா என்றுதான் கேட்டான். பேதுருவோ ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலைசெய்து ஓய்வெடுத்த மனுஷன்; பற்றரியில் எது பிளஸ், எது மைனஸ் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லுவார். "நான் ரோச் லைட் பிடிக்கிறனான்" என்பார் அவர், வந்தவனுக்கு விளங்குகிற பாஷையில். அதில் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

எறிக்கின் ரேடியோ வந்தபோது அதன் ஸ்பீக்கர்க் கடதாசியில் எலி குட்டிபோட்டிருந்தது. உள்ளே ஐந்து கண்ணாடிக் குமிழ் வால்வுகள், மூன்று செத்தவை. முகத்தின் நடுவில் ஒரு நீளக் கட்டை இருந்தது. அதை அழுத்தினால் ரேடியோவின் முள் தானாக ஓடி அடுத்த நிலையத்தைத் தேடிப்பிடித்து நிற்கும். வலது கரையில் முட்டினால் "டக்" என்று இடது கரைக்குத் துள்ளிவந்து மறுபடி தேடும். அந்தக் காலத்தில் கார் வாங்குகிறவன் அதற்கென்று தனியாகக் காசு கட்டவேண்டும். ரேடியோவுக்குப் பின்னால் கம்பிகள் வெட்டித் தொங்கின. இடப்பக்கம் ஸ்டியரிங் இருந்த காரை எண்பதுகளில் யாரோ சட்டத்துக்காக வலப்பக்கம் மாற்றியிருந்தான், மாற்றும்போது வெட்டியவை. பிலோமினம்மா டாஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்து, பழைய புத்தகத்துப் படத்தைப் பார்த்து, மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை என்று ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். பேதுரு ரோச் பிடித்தார். பதினொரு கிழமை.

மே மாதக் கடைசியில் ஒருநாள் அது வாய் திறந்தது. முதல் சொன்னது, நாளைக்கு மழை. பிலோமினம்மா அதைக் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் காரைவிட்டு இறங்கவில்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவர் கையால் ஆன முதல் ரேடியோ அது.

அதைத்தான் புதன்கிழமை வெட்டப்போகிறார்கள்.

ஞாயிறு பின்னேரம் முழுவதும் பிலோமினம்மா கராஜில் நின்று, அங்கே இல்லாத ஜோன்சனோடு சண்டைபிடித்தார். பேதுரு தேத்தண்ணி கொண்டுவந்தார். "அதுவாத்தான் மாறியிருக்குமோ?" என்று ஒரு கேள்வி கேட்டார். கேட்டிருக்கக்கூடாது.

"அதுவா மாற அதென்ன பேயோ? என்ர ரேடியோ ஒரு நிலையத்தைப் பிடிச்சால் பிடிச்சதுதான். நீங்களும் அந்தாளின்ர கட்சியோ? தேத்தண்ணியை அவருக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ!"

திங்கட்கிழமை லிண்டாவிடம் ஊர்வல வீடியோவைக் கேட்டு வாங்கினார். நாலு நிமிஷ வீடியோ. நூறு தரம் பார்த்ததாகப் பிறகு சொன்னார். பதினேழு தரம் இருக்கும். முதல் ஐந்து தரம் ஆத்திரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் தரம் காது திறந்தது. இரைச்சலுக்கு நடுவே, சின்னதாக, "டக்".

முள் துள்ளுகிற சத்தம். அப்படியென்றால் ரேடியோ நிலையத்தை இழக்கவில்லை. யாரோ அதைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். யார்? வீடியோவில் எறிக்கின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. ஜோன்சனின் இரண்டு கையும் பாட்டுப் புத்தகத்தில் இருந்தன. கட்டையை ஒருவரும் தொடவில்லை. ஆனால் சரணத்தில் ஒருபோதும் நடக்கவில்லை, பல்லவியில் மட்டும் நடந்தது. ஒவ்வொரு பல்லவிக்கும் ஜோன்சனின் இடது தோள் ஏறி இறங்கியது.

ஜோன்சன் தாளம் போடுகிற விதம் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். சரணத்தைச் சும்மா பாடுவார். பல்லவி வந்தால் இடது குதிக்காலால் நிலத்தை உதைப்பார். பாடகர் மேடைப் பலகை அதிர்வது கடைசி வரிசை வாங்குவரைக்கும் கேட்கும். அவர் வராத நாளில் பாடகர் குழு தாளம் தப்பித் தடுமாறும்.

பிலோமினம்மா பழைய புத்தகத்தைப் புரட்டினார். படங்களுக்கு அடுத்து இதுவரை பார்க்காத ஒரு பக்கம் இருந்தது. கட்டையைத் தவிர, காலால் அழுத்துகிற ஒரு பொத்தானும் உண்டு. ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்காமலே நிலையம் மாற்றலாம். இடம்: ஓட்டுநரின் இடது காலடி. எண்பதுகளில் ஸ்டியரிங்கும் பெடலும் வலப்பக்கம் போயின. ஓட்டுநரும் வலப்பக்கம் போனார். பொத்தான் மட்டும் இருந்த இடத்திலேயே, கார்ப்பெட்டுக்குக் கீழே இருந்தது. இப்போது அது இடப்பக்கம் இருக்கிறவரின் காலடி.

"இஞ்சருங்கோ!" என்று பிலோமினம்மா கூவினார். கராஜ் விளக்கு ஒருமுறை மினுங்கியது.

செவ்வாய் பின்னேரம் ஐந்து மணிக்கு எறிக்கின் வீட்டு வாசலில் கார் நின்றது. பிலோமினம்மாவும் பேதுருவும் போனபோது, அவர் வரச்சொல்லியிருந்த ஜோன்சன் ஏற்கெனவே வந்திருந்தார். திருநாளுக்கு வாங்கிய புதுச் சப்பாத்தையே போட்டிருந்தார்.

"தங்கச்சி, விடுங்கோ. பழைய சாமான்தானே. உங்களை நான் குறை சொல்லேல்லை."

"அண்ணை, காரில ஏறுங்கோ."

"எதுக்கு?"

"ஏறுங்கோ எண்டால் ஏறுங்கோ. சனிக்கிழமை இருந்தமாதிரி இருங்கோ. எறிக், பாட்டைப் போடு."

பாட்டு வந்தது. ஜோன்சன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்.

"பாடுங்கோ, அண்ணை."

"இஞ்சையோ? றோட்டிலையோ?"

"முந்நூறு சனத்துக்கு முன்னால பாடின நீங்கள் நாலு பேருக்கு முன்னால பாட வெக்கப்படுறியளோ? இல்லாட்டிப் பாட்டு மறந்துபோச்சோ?"

பாடகர் குழுத் தலைவரைப் பார்த்து அப்படிக் கேட்கக்கூடாது. ஜோன்சன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். நல்ல குரல்தான். சரணம் முழுவதும் மாதாவின் புகழ் தெருவில் பரவிற்று; எதிர்வீட்டு வெள்ளைக்காரன் குப்பைத்தொட்டியைப் பிடித்தபடி நின்று கேட்டான். பல்லவி வந்தது. ஜோன்சனின் கண் தானாக மூடியது. தோள் ஏறியது.

டக்.

இந்தமுறை நாய்ப் பந்தயம். பெட்டி ஆறிலிருந்து ஒரு நாய் பாய்ந்து முன்னுக்கு வந்துகொண்டிருந்தது.

"நான் ஒண்டையும் தொடேல்லை!" ஜோன்சன் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "பாருங்கோ, கையைப் பாருங்கோ!"

"கையை என்னத்துக்குப் பார்க்க? காலைத் தூக்குங்கோ."

பிலோமினம்மா குனிந்து கார்ப்பெட்டை இழுத்தார். இரும்பு நிலத்தில், பெரிய சட்டைப் பொத்தானளவில், வட்டமாக ஒன்று தெரிந்தது. அதைக் கைவிரலால் அழுத்தினார். டக். நாய் போய்க் காலநிலை வந்தது. மறுபடி அழுத்தினார். டக். ஜோன்சனின் வாய் பல்லவிக்குத் திறந்த அளவிலேயே இருந்தது.

"பொம்பிளையள் காருக்குள்ள கைவைச்சால் இப்பிடித்தான் எண்டு சொன்னனீங்களாம். ஆம்பிளையள் கால்வைச்சால் என்ன நடக்கும் எண்டு இப்பத் தெரிஞ்சுதோ?"

"நான் எங்க அப்பிடிச் சொன்னனான்?"

"சொன்னனீங்கள், அங்கிள்," என்றாள் லிண்டா. "ரோல்ஸை வாயில வைச்சுக்கொண்டு சொன்னனீங்கள்."

"நான் பொரிச்ச ரோல்ஸ்!" பிலோமினம்மாவின் குரல் ஏறியது. "வாற ஞாயிறு பூசை முடிய, அதே மண்டபத்தில, அதே ஆக்களுக்கு முன்னால நிண்டு சொல்லவேணும். ரேடியோவில பிழையில்லை, என்ர காலிலதான் பிழை எண்டு. சொல்லாட்டி இனி இந்தக் கோயில் விசேஷம் ஒண்டிலயும் உங்களுக்கு ரோல்ஸ் கிடைக்காது. கட்லட்டும் கிடைக்காது."

ஜோன்சன் சப்பாத்தைப் பார்த்தார். "சொல்லுறன்," என்றார்.

எறிக் அதற்குள் கொஞ்சம் தள்ளிப்போய்ப் போனில் பேசினான். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "அன்ரி, நாளையான் புக்கிங்கை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். டாஷை ஒருத்தரும் வெட்டமாட்டினம்." பிறகு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு கேட்டான். "இந்தப் பொத்தானை மட்டும் கழட்டிவிடுவமோ?"

"ஏன்டா கழட்ட? அறுபத்திரண்டில ஒருத்தன் கூடக் காசு குடுத்து வாங்கின சாமான் அது. அறுபது வருஷத்துக்குப் பிறகும் வேலை செய்யுது. கழட்டத்தான் வேணுமெண்டால் ஜோன்சன் அண்ணையைக் கழட்டு. மாதாவோட பின்னால நடந்து வரட்டும், எவ்வளவும் உதைக்கட்டும்."

எறிக் சிரித்துவிட்டான். லிண்டாவும் சிரித்தாள். ஜோன்சன்கூடச் சிரிப்பதற்கு ஒரு ஆயத்தம் செய்தார். பிலோமினம்மா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் சேர்த்துவைத்த கோபத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது; அதை யார்மேலாவது இறக்கவேண்டும். கார்ப்பெட்டைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணையிலயும் முழுப்பிழை சொல்லேலாது. எல்லாம் இந்தக் காரை மாத்தினவன் பார்த்த வேலை. மடையன்! பெடலை மாத்தத் தெரிஞ்சவனுக்கு இந்த ஒரு கம்பியை வெட்டிவிடத் தெரியேல்லையே! உசிரோட கம்பியை விட்டிட்டுப் போயிருக்கிறான். அப்ப நான் அங்க நிண்டிருந்தனெண்டால் அவன்ர கையை…"

பேதுரு காரின் மறுபக்கத்தில் நின்றார். கையில் பழக்கத்தின்படி ரோச் இருந்தது. வெளிச்சம் இருந்தபடியால் அதை எரிக்கவில்லை.

"இஞ்சரும், பிலோமினா," என்றார். "அவன் அந்தக் கம்பியை வடிவா வெட்டித்தான் விட்டிருந்தவன். மஞ்சள் கம்பி. ஏப்ரல் மாசம் தலைகீழாப் படுத்திருந்து, இது எங்கயோ போகுது, எங்க போனாலும் போகட்டும் எண்டு சொல்லிப் பற்றவைச்சது நீர்தான். நான்தானே ரோச் பிடிச்சனான்."